பந்து உருட்டும் பெட்டியில் கபடி

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி ஆனதும், எண்பது வயதைத் தாண்டிய பன்னிரண்டு பேர் சக்கர நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, டிவியைப் பார்த்துப் பந்து உருட்டுவார்கள். பந்து என்று ஒன்று கிடையாது. ஒவ்வொருவர் முறை வரும்போதும் கையில் ஒரு வெள்ளைக் குச்சியைக் கொடுப்போம். அதைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசினால், டிவிக்குள் ஒரு நீலப் பந்து கடகடவென்று ஓடிப்போய்ப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும். எல்லாம் சாய்ந்துவிட்டால் கூடமே அதிரும். நான் ஜெர்மனிக்கு வந்த முதல் வாரத்தில் இதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். ஹெர் லாங்கே என்ற பெரியவர் காற்றில் கையை வீசியதை வலிப்பு என்று நினைத்து, நாடி பிடித்துப் பார்க்க ஓடினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். அவருடைய பந்து ஓரமாகப் போய்விட்டதாம். அது என்னால்தானாம்.

ஊரில் இதைப் படிக்கிறவர்கள், 'ஐயோ பாவம், பெத்தவங்கள இப்படி டிவி முன்னாடி விட்டுட்டாங்களே' என்று உச்சுக்கொட்டுவீர்கள். கொட்ட வேண்டாம். முதலில் நானும் கொட்டினேன். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்காக அவர்கள் வெள்ளிக்கிழமையே தலைமுடி திருத்திக்கொள்வதைப் பார்த்த பிறகு நிறுத்திவிட்டேன். டிவியோடு இணைத்து வீட்டில் விளையாடுகிற சாதாரண வீடியோ கேம் பெட்டிதான் அது. தோளுக்கும் மணிக்கட்டுக்கும் பயிற்சி என்று இல்லத்தில் வாங்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் எழுபத்தைந்து வயதுக்காரர் மண்வெட்டியோடு வரப்பில் நடப்பார். அவருக்குத் தனியாகத் தோள்பயிற்சி வேண்டாம்தான். ஆனால் அவர் சிரித்து விளையாடி நான் பார்த்ததில்லை. எது மேல் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

என் பெயர் சுமதி. கும்மிடிப்பூண்டிக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவில், ஒரு பக்கம் நெல்வயல், மறுபக்கம் இரும்புக் கம்பெனிகள் என்று இருக்கிற ஊர் எங்களுடையது. காலையில் கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி மாலையில் சாம்பல் நிறத்தில் உள்ளே வரும். திருவள்ளூரில் நர்சிங் படித்தேன். சென்னையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். ஜெர்மன் மொழித் தேர்வில் இரண்டாவது முறையாகத் தேறி, இந்த நாட்டின் கிழக்கே, டிராம் ஓடுகிற ஒரு சிறு நகரத்தின் முதியோர் இல்லத்துக்கு வந்து சேர்ந்தேன். இங்கே காயப்போட்ட துணியில் ஒரு பொட்டுத் தூசுகூட இருக்காது. சத்தமும் அப்படித்தான். கம்பெனிகளின் இரைச்சலில் வளர்ந்த எனக்கு, இந்த ஊரின் அமைதி முதல் மாதம் முழுவதும் காதை அடைத்தது.

ஒரு சனிக்கிழமை அந்தப் பெட்டி பந்து விளையாட்டைத் திறக்காமல் அடம்பிடித்தது. பன்னிரண்டு பேரும் காத்திருக்க, நான் குச்சியை டிவியை நோக்கி நீட்டி, கண்ணில் பட்டதையெல்லாம் அழுத்திக்கொண்டிருந்தேன். மூலையில் உலக உருண்டை போல ஒரு சின்னப் படம். அதை அழுத்தினேன். திரை முழுக்க வெள்ளைப் பக்கம் ஒன்று விரிந்தது. மேலே நீளமாக ஒரு கட்டம். அதில் கோடு ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. இணையம்! கைபேசியில் தினமும் பார்க்கிற அதே இணையம்தான். ஆனால் எங்கள் இல்லத்தில் வேலைக்குள் நுழையும்போதே கைபேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். எட்டு மணி நேரம் வெளியுலகம் இல்லை. இந்தப் பந்து உருட்டும் பெட்டிக்குள் ஒரு ஜன்னல் இருக்கிறது என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

என்ன பார்ப்பது? யோசிக்கவே இல்லை. கும்மிடிப்பூண்டி என்று ஆங்கிலத்தில் அடிக்கத் தொடங்கினேன். குச்சியை நீட்டி, திரையில் இருக்கும் எழுத்துப் பலகையில் ஒவ்வோர் எழுத்தாகக் குறிபார்த்து அழுத்த வேண்டும். கை லேசாக ஆடினாலும் அம்புக்குறி ஈ மாதிரிப் பறந்து பக்கத்து எழுத்தில் உட்காரும். நம் ஊர்ப் பெயர் எவ்வளவு நீளம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கடைசியில் பக்கம் வந்தது. தமிழ் எழுத்து வர வேண்டிய இடங்களில் எல்லாம் சின்னச் சின்னக் காலிக் கட்டங்கள் வரிசையாக நின்றன. பெட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் படங்கள் வந்தன. ஸ்டேஷன் நடைமேடை, அதில் நிற்கிற மின்சார ரயில், பின்னால் ஒரு புகைபோக்கி. கூடத்தின் சுவரில், இரண்டு ஆள் அகல டிவியில், எங்கள் ஸ்டேஷன்! நான் குதித்தே விட்டேன்.

"அந்த ரயிலுக்கு எத்தனை பெட்டிகள்?" என்று ஒரு குரல் கேட்டது. ஃப்ராவ் ஃபோகல். இந்த நகரத்தில் முப்பது வருடம் டிராம் ஓட்டிய பெண்மணி. பக்கவாதத்துக்குப் பிறகு இடது கை வராது. யாரோடும் அதிகம் பேசமாட்டார், என்னோடு அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் எண்ணிப் பார்த்துச் சொன்னேன். அவர் மரியாதையோடு தலையாட்டினார். பிறகு என் முகத்தையே உற்றுப் பார்த்து, "ஹைம்வே?" என்று கேட்டார். ஹைம் என்றால் இல்லம். நாங்கள் வேலை செய்யும் இடத்தையே எல்லோரும் ஹைம் என்றுதான் சொல்வார்கள். வே என்றால் வலி. 'எங்கே வலிக்கிறது' என்று ஒரு நாளைக்கு இருபது முறை நான் கேட்கிற வார்த்தை. சரி, இந்த இல்லத்து வேலையால் எங்காவது வலிக்கிறதா என்று கேட்கிறார், நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு, "முதுகில் மட்டும் கொஞ்சம். தைலம் தேய்க்கிறேன்" என்றேன். ஃப்ராவ் ஃபோகல் ஒரு கணம் திகைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நல்ல கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அறைக்குப் போய் அகராதியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது ஒரே வார்த்தை. ஊரை நினைத்து ஏங்குவது.

எனக்கு அந்த ஏக்கம் இருந்ததா? ஊருக்காக இல்லை. ஒரே ஓர் ஆளுக்காக இருந்தது. என் தங்கை பவித்ரா.

பவி என்னைவிட ஏழு வயது சின்னவள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவருமே கபடி ஆடியவர்கள். நான் நர்சிங் சேர்ந்ததும் விட்டுவிட்டேன், அவள் விடவில்லை. படிப்பு முடிந்து, வண்டிகளுக்கு வயர் கட்டுகிற கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தாள். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால் மூன்று மணிக்குத் திரும்புவாள். நாலு மணிக்கு மூடிக்கிடக்கும் இரும்பு ஆலை ஒன்றின் பக்கத்துக் காலி மனையில் பயிற்சி. வெவ்வேறு கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் எட்டுப் பேர் வருவார்கள். வேலி முழுக்க நீலம், சாம்பல், ஆரஞ்சு என்று கம்பெனிச் சட்டைகள் தொங்கும். அந்த மண்ணில் இரும்புத்தூள் கலந்திருக்கும். விழுந்து எழுந்தால் முட்டி பளபளவென்று கறுத்துப்போகும், எத்தனை முறை துவைத்தாலும் துணியில் அந்தக் கறை போகாது.

நான் ஜெர்மனி வருவதற்கு எட்டு மாதம் முன்னால், அப்படி ஒரு பயிற்சியில் பவி தப்பாக விழுந்து வலது தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கட்டுப் போட்டபோது நான்தான் பக்கத்தில் நின்றேன். எக்ஸ்ரே படத்தில் எலும்பு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. வெளியே வந்து அப்பாவிடம், "போதும் நைனா. இவ ஆட்டத்த நிறுத்திடு. இன்னொரு தபா உடைஞ்சா கையே தூக்க முடியாது" என்றேன். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா நெல் பயிரிடுகிறவர், படித்த மகள் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை அவருக்கு. நிறுத்திவிட்டார். பவி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். நான் விமானம் ஏறிய நாள் அவள் வேண்டுமென்றே கூடுதல் நேர வேலைக்குப் போய்விட்டாள். பிறகு யாரையும் கேட்காமல் மறுபடி ஆடத் தொடங்கினாள் என்பதை அம்மா மெதுவாகச் சொன்னாள். கறுத்த துணியைத் துவைப்பது அம்மாதானே. நைனா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாராம்.

ஒரு திங்கட்கிழமை பவியே கூப்பிட்டாள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு.

"அக்கா, ஃபைனலுக்கு வந்துட்டோம். சனிக்கெழம சாயந்திரம், திருவள்ளூர்ல."

"அட! எந்த டோர்னமெண்டு?"

"பெரிசு. கெவர்மெண்டு டிபார்ட்மெண்ட் டீமுக்கு ஆள் எடுக்கறவங்க வந்து பாக்கறாங்க. எடுத்தாங்கன்னா ஆட்டமும் உண்டு, வேலையும் உண்டு. ஆனா நைனா சொல்லிட்டாரு, செயிச்சாலும் தோத்தாலும் இதோட முடிச்சிக்கோன்னு. உன்னத்தான் காட்டறாரு. 'பெரியவளே வேணான்னுச்சு, அவ நர்சு, அவளுக்குத் தெரியாதா'ன்னு."

"உன் நல்லதுக்குத்தான்டி சொன்னேன்."

"இன்னா நல்லது? நீ ஒரு தபா கூட நான் பெரிய மேட்ச் ஆடி பாத்ததில்ல. பாக்காமயே வேணாம் வேணாம்னு சொல்லிக்கினு கீற. ஏழுமல அண்ணன் லைவ் போடுது. பாரு. ஒரே ஒரு மேட்ச் பாரு. பாத்துட்டு நிறுத்துன்னு சொல்லு, நானே நிறுத்திடறேன்."

ஏழுமலை அண்ணன் கும்மிடிப்பூண்டி பஜாரில் மொபைல் கடை வைத்திருப்பவர். சுற்று வட்டாரத்தில் எந்த ஆட்டம் நடந்தாலும் கைபேசியில் நேரலை போடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. "கண்டிப்பா பாக்கறேன்" என்று பவியிடம் சொன்னேன். சனிக்கிழமை எனக்கு விடுமுறை நாள். தைரியமாகத்தான் சொன்னேன்.

வியாழக்கிழமை கூட வேலை செய்யும் ஒருத்திக்குக் காய்ச்சல். வேலைப் பட்டியலில் சனிக்கிழமை அவள் பெயரை அடித்து என் பெயரை எழுதியிருந்தார்கள். மாற்றிக்கொள்ள எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தேன், யாராலும் முடியவில்லை. ஆட்டம் ஊரில் மாலை ஆறரை மணிக்கு. இங்கே சரியாக மதியம் இரண்டு. பந்து உருட்டும் நேரம். கைபேசி அலமாரிக்குள் இருக்கும். அப்போதுதான் அந்த உலக உருண்டை ஞாபகம் வந்தது. வந்ததும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு, எங்கள் பிரிவின் தலைவி சபீனேயின் அறைக்கு ஓடினேன்.

"சனிக்கிழமை இரண்டு மணிக்கு என் ஷ்வெஸ்டர் விளையாடுகிறாள். பார்க்க அனுமதி வேண்டும்" என்றேன்.

சபீனே முகத்தைச் சுளித்தார். "எந்த ஷ்வெஸ்டர்? வேலை நேரத்தில் விளையாடுகிறாளா?"

ஷ்வெஸ்டர் என்றால் சகோதரி, நர்சுக்கும் அதே வார்த்தைதான். இங்கே என்னையே ஷ்வெஸ்டர் சுமதி என்றுதான் கூப்பிடுகிறார்கள். "நர்ஸ் இல்லை. என் அம்மாவின் மகள்" என்றேன்.

"ஓ, இங்கே வருகிறாளா? வருகைப் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும்."

"இல்லை, டிவியில் வருகிறாள்."

"அவ்வளவு புகழ்பெற்றவளா?"

"கும்மிடிப்பூண்டியில்" என்றேன். பொய் இல்லையே.

சபீனேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விதியை விடவில்லை. அந்த ஒரு மணி நேரம் இங்கே வசிப்பவர்களுக்கானது, எனக்கானது அல்ல. பன்னிரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் பார்க்கலாம். ஒருவர் மறுத்தாலும் பந்துதான். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

சனிக்கிழமை காலை பவி நேரலையின் முகவரியை அனுப்பினாள். கைபேசியைப் பூட்டுவதற்கு முன்னால் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் எண்ணும் கலந்து குழம்பிக் கிடந்த வரி அது. இரண்டு மணிக்குப் பன்னிரண்டு நாற்காலிகள் முன்னால் நின்று, எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விஷயத்தைச் சொன்னேன். என் தங்கை, எங்கள் ஊர், ஒரு விளையாட்டு, ஒரு வேலை, நான் செய்த தப்பு. பதினோரு பேர் தலையாட்டினார்கள். ஹெர் லாங்கே குச்சியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சனிக்கிழமை என்றால் பந்து" என்றார். அவர்தான் எங்கள் இல்லத்துச் சாம்பியன்.

கடிகாரத்தில் இரண்டு ஐந்து. அப்போது ஃப்ராவ் ஃபோகல் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு அவருக்கு எதிரே போய் நின்றார். "ஒரு மாதத்துக்கு என் முறைகளை எல்லாம் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். ஹெர் லாங்கே கொஞ்ச நேரம் யோசித்தார். குச்சியை என் கையில் கொடுத்தார்.

தாளை ஃப்ராவ் ஃபோகலிடம் கொடுத்தேன். டிராமில் நிறுத்தங்களை அறிவிக்கிற குரலில் அவர் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். பெரிய கே, சின்ன எக்ஸ், ஏழு, நடுவில் ஒரு கோடு. நான் குறிபார்த்து அழுத்தினேன். பக்கம் இல்லை என்று வந்தது. மறுபடி. மறுபடியும் இல்லை. என் கையெழுத்தில் ஒன்று என்ற எண்ணும், எல் என்ற எழுத்தும் ஒரே மாதிரி இருந்தன. மூன்றாவது முறை அதை மாற்றி அடித்தேன். திரை கறுத்தது. ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. திடீரென்று விளக்கு வெளிச்சம், விசில், ஜனக்கூச்சல். "வாங்க வாங்க வாங்க, இது ரெண்டாவது பாதி, நம்ம கும்முடிப்பூண்டி பொண்ணுங்க நாலு பாயிண்ட் பின்னாடி கீறாங்க!" ஏழுமலை அண்ணனின் குரல் ஜெர்மன் முதியோர் இல்லத்தின் கூடத்தில் இடி மாதிரி இறங்கியது. ஒலியைக் குறைக்கப் போனேன். "அப்படியே விடுங்கள்" என்றார்கள் நாலைந்து பேர். அவர்களில் பாதிப் பேருக்குக் காது மந்தம், அந்தச் சத்தம்தான் அவர்களுக்குச் சரியாக இருந்தது.

படம் தெளிவில்லை. இரண்டு நொடி ஓடும், அரை நொடி நிற்கும். ஆனால் பவியை உடனே கண்டுபிடித்துவிட்டேன். வரிசையின் வலது ஓரத்தில், பெரிய அக்காக்கள் நடுவில் இருப்பதிலேயே குட்டையாக, முட்டியில் கை வைத்து நின்றிருந்தாள். "அவள்தான்!" என்று திரையைத் தொட்டுக் காட்டினேன். கேள்விகள் பொழிந்தன. ஏன் ஒருத்தியை ஏழு பேர் பிடிக்கிறார்கள்? போலீஸ் பயிற்சியா? ஏன் முணுமுணுக்கிறாள், பிரார்த்தனையா? எதிரணிக் களத்துக்குள் போய், மூச்சு விடாமல் கபடி கபடி என்று சொல்லிக்கொண்டே அவர்களைத் தொட்டுவிட்டுத் தன் பக்கம் திரும்ப வேண்டும் என்று விளக்கினேன். மூச்சு விடாமல் என்றதும் ஹெர் லாங்கே பரிசோதித்துப் பார்க்கத் தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவர் முதுகைத் தட்டி, விடச் சொல்ல வேண்டியதாயிற்று.

எதிரணி தெற்கே எங்கிருந்தோ வந்த பலமான அணி. ஆனால் பவியின் அணி ஒவ்வொரு பாயிண்டாக ஏறி வந்தது. பவி ஒரு முறை தொட்டுவிட்டு வந்தபோது கூடத்தில் கைத்தட்டல். அடுத்த முறை அவளை நாலு பேர் மடக்கி அழுத்தியபோது, அவள் வலது தோள் தரையில் மோதுவதைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். நர்சாக இருப்பதில் உள்ள கஷ்டம் அது. தோலுக்குள் இருக்கும் எலும்புதான் எனக்குத் தெரிகிறது. "எழுந்துவிட்டாள்" என்றார் ஃப்ராவ் ஃபோகல். கண்ணைத் திறந்தேன். எழுந்து, தோளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சிரித்துக்கொண்டே வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

கடைசி நிமிடம். இருபத்து நாலு, இருபத்தாறு. இரண்டு பாயிண்ட் பின்னால். கடைசியாகப் பாடிப் போகும் முறை பவிக்கு. "பவி போறா பவி போறா, இதான் கடைசி, எல்லாம் இவ கையில தான் கீது!" என்று ஏழுமலை அண்ணன் கத்தினார். பவி உள்ளே போனாள். இடது பக்கம் சாய்ந்து வலது பக்கம் பாய்ந்தாள். ஒருத்தியைத் தொட்டாள். திரும்புவதற்குள் கால் மாட்டிக்கொண்டது. ஒருத்தி காலில், ஒருத்தி இடுப்பில், இன்னொருத்தி மேலே விழுந்தாள். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து பவியின் வலது கை மட்டும் நடுக்கோட்டை நோக்கி நீண்டது. நீண்டது, நீண்டது, அங்கேயே நின்றது. படம் உறைந்துவிட்டது. பன்னிரண்டு பேரும் நானும் முன்னால் குனிந்தோம். விரல் கோட்டில் பட்டதா, படவில்லையா? ஃப்ராவ் ஃபோகல், "பட்டுவிட்டது" என்றார். ஹெர் லாங்கே, "ஒரு விரற்கடை பாக்கி" என்றார். சண்டை தொடங்கும் முன்னால் திரை வெள்ளையானது. நினைவகம் போதவில்லை என்று ஜெர்மனில் ஒரு வரி. பிறகு ஒன்றுமே இல்லை.

"மறுபடி! மறுபடி!" என்று கத்தியது யார் என்று தெரியவில்லை. அவசரத்தில் நான் குச்சியை ஆட்டியதில் அம்புக்குறி திரையெங்கும் பறந்தது. ஹெர் லாங்கே நாற்காலியை முன்னால் உருட்டி வந்து, என் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கினார். சாம்பியனின் மணிக்கட்டு. ஃப்ராவ் ஃபோகல் எழுத்தைப் படிக்க, கூடமே சேர்ந்து அதைத் திருப்பிச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாகக் குறிதவறாமல் சுட்டார். பெரிய கே! சின்ன எக்ஸ்! ஏழு! கடைசி எழுத்துக்கு எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

வட்டம் சுற்றியது. படம் வந்தபோது களம் இல்லை, ஆட்கள்தான். கால்கள், செருப்புகள், யாரோ ஒருவரின் முதுகு. ஏழுமலை அண்ணன் ஓடிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. யார் ஜெயித்தது என்று புரியவே இல்லை. சத்தம் மட்டும் கரகரவென்று. பிறகு கேமரா ஒரு முகத்தின் முன்னால் போய் நின்றது. உதட்டில் ரத்தம். கன்னமெல்லாம் புழுதி. மூச்சு வாங்கிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக.

"இன்னா பவி, இன்னா சொல்ற?" என்றார் ஏழுமலை அண்ணன்.

பவி கேமராவுக்குள் நேராகப் பார்த்தாள். "அக்கா! பாத்தியா? மூணு பேரு! மூணு பேர இஸ்துகினு வந்து கோட்ட தொட்டேன்!"

"பாத்தேன்டி! பாத்தேன்!" என்று நான் டிவியைப் பார்த்துக் கத்தினேன். அவளுக்குக் கேட்காது என்பதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று விரலைத் தூக்கிக் காட்டி, "ட்ரை! ட்ரை!" என்று திரும்பினேன். அவர்கள் மொழியில் மூன்று. ஹெர் லாங்கே நாற்காலியின் கைப்பிடியில் தாளம் போட்டார். சத்தம் கேட்டு ஓடிவந்த சபீனே வாசலிலேயே நின்றுவிட்டார். திரையில் யாரோ பவியின் கையில் கோப்பையைக் கொடுத்தார்கள். அவள் அதை வலது கையால் தலைக்கு மேல் தூக்கினாள். கை காதை ஒட்டி, நேராக, முழுசாக மேலே போயிற்று. நான் அந்தத் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. அது எப்போதோ கூடிவிட்டிருக்க வேண்டும், நான்தான் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு வேலை முடிந்ததும் அலமாரியைத் திறந்து, அங்கேயே நின்றபடி வீட்டுக்குக் கூப்பிட்டேன். எடுத்தது நைனா.

"இன்னாம்மா, பாத்தியா?"

"பாத்தேன் நைனா. நீ?"

"திருவள்ளூர்ல கொஞ்சம் ஆபீஸ் வேல இருந்துச்சு. அப்டியே கிரவுண்டு பக்கம்..."

"சனிக்கெழம சாயந்திரம் எந்த ஆபீசு நைனா தொறந்துக்கினு இருக்கும்?"

நைனா ஆபீஸ் பேச்சை விட்டுவிட்டு, "அந்த மூணு பேரு மேல விழுந்தாங்க பாரு, எனக்கு மூச்சே நின்னுடுச்சும்மா. அவ கை வெளிய வந்துச்சு. பக்கத்துல இருந்தவன் யாருன்னே தெரியல, அவன கட்டிப்புடிச்சிக்கினேன்" என்றார். "இப்ப இன்னா சொல்ற நீ? நிறுத்தச் சொல்றியா?"

"நான் சொன்னது தப்பு நைனா. பயத்துல சொல்லிட்டேன். அவ ஆடட்டும்."

"நானும் அதான் நெனச்சேன்" என்றார். பின்னால் பவி கூச்சல் போடுவது கேட்டது. கைபேசியைப் பிடுங்கி, "அக்கா, லைவ் கட்டாச்சா? ஏழுமல அண்ணன் கட்டாச்சுன்னுச்சு. அந்தக் கடைசி ரைடு முழுசா பாத்தியா?" என்றாள். முழுசாகப் பார்த்தேன் என்றேன். கோட்டைத் தொட்ட அந்த ஒரு நொடியை நான் பார்க்கவில்லை என்பதை அவளிடம் இதுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

அவளை எடுத்துக்கொண்டார்கள். வயர் கட்டும் வேலையை விட்டுவிட்டு, இப்போது வேறோர் ஊரில் விடுதியில் தங்கி அந்தத் துறையின் அணிக்கு ஆடுகிறாள். ஊரில் இல்லாதவர்கள் இப்போது நாங்கள் இருவர் ஆகிவிட்டோம். சபீனே வாராந்திரப் பலகையில் சனிக்கிழமைக்கு எதிரே பந்து என்பதற்குப் பக்கத்தில் கபடி என்று எழுதிவிட்டார், ஓர் எழுத்துப் பிழையோடு. பெட்டியின் இணையம் இன்னும் நினைவகம் போதாமல் மயங்கி விழுகிறது. எங்கள் எல்லோருக்கும் எழுத்து அடிக்கத் தெரியும் என்பதால் யாரும் அலட்டிக்கொள்வதில்லை.

போன சனிக்கிழமை வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பார்த்தது போதும், ஆட வேண்டும் என்று ஹெர் லாங்கே அறிவித்தார். கூடத்தின் நடுவே தரையில் மஞ்சள் நாடா ஒட்டினேன். ஜன்னல் பக்கம் ஆறு நாற்காலிகள், டிவி பக்கம் ஆறு நாற்காலிகள். ஜன்னலுக்கு வெளியே மரங்கள் வெள்ளையாக நின்றன. டிவியில் பவியின் அணி வெயில் சாய்ந்த ஒரு மைதானத்தில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தது. ஃப்ராவ் ஃபோகல் ஒற்றைக் கையால் சக்கரத்தை உருட்டிக் கோட்டருகே வந்து, ஆட்களை எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஷ்வெஸ்டர் சுமதி, ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் வேண்டுமே. நீங்கள் எந்தப் பக்கம்?"

இரண்டு பக்கத்திலும் ஓர் ஆள் குறைந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் கை நீட்டிக் கூப்பிட்டார்கள். நான் ஒரு கால் பனியின் பக்கமும் ஒரு கால் பவியின் பக்கமுமாக நாடாவின் மேல் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஹெர் லாங்கே மூச்சைப் பிடித்துக் கபடி சொல்லத் தொடங்கிவிட்டார்.